பதினாலாம் வசனம்

நவச்சாரப் புகையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களோ என்னவோ. மூக்கின் நடுத்தண்டில் ஊசி ஏற்றினது போலச் சுர்ரென்று ஏறும், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், ஆனாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லும். பாத்திரக் கடை ஓரத்தில் எங்கேயாவது அந்த வாசம் வந்தால் எனக்கு உடனே பவுல் அப்போஸ்தலன் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் தேரியை ஒட்டிய சின்ன ஊர். செம்மணல், பனை, உடைமரம், நடுவில் ஓடு வேய்ந்த வேதக்கோயில். முதலூர் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. தாவீது சுந்தரானந்தம் 1799இல் அந்த ஊரை உண்டாக்கின கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும்போதே சொல்லிவிடுவார்கள். வேதத்துக்கு வந்தவர்களை அடித்து விரட்டியதும், அவர்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டியிருந்ததும் அந்தக் கதையில் வரும். அதனால் சுவிசேஷம் சொல்லப் போகிறவனை யாராவது அடிப்பார்கள் என்பது எங்களுக்குப் புதுச் செய்தியில்லை. அடிக்கிற ஆள் எப்படியிருப்பான் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. பெரிய மீசை இருக்கும் என்று ஒரு யூகம் வைத்திருந்தேன்.

1970களின் கடைசியில் ஒரு வருஷம், சேகரத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து வசனப் போட்டி வைத்தார்கள். எங்கள் ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்தது இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரம். அதில் 22 வசனம். எங்கள் வகுப்பிலும் எண்ணிப் பார்த்தால், மூக்கொழுகிகளையும் சேர்த்து 22 பேர். உபதேசியாருக்கு அந்தக் கணக்கு சரியாக வந்ததில் அப்படியொரு சந்தோஷம். கர்த்தரே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று எங்களை உயர வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு வசனம் என்று விட்டுக்கொண்டே வந்தார். ஏழாம் வசனம், நல்ல போராட்டத்தைப் போராடி ஓட்டத்தை முடித்தேன் என்று பவுல் சொல்லுகிற இடம், யாருக்கு வாய்க்கும் என்று எல்லாருக்கும் கண். அது உபதேசியார் மகளுக்கே போனது. உயரம் அப்படி அமைந்துவிட்டது என்றார். அன்றைக்கு அவள் கொஞ்சம் முழங்காலை மடக்கி நின்றாள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

எனக்குப் பதினாலு. எனக்கு முன்னால் நின்ற, பல் விழுந்த பையனுக்குப் பதின்மூன்று. துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவன் வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா, புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் மறக்காதே என்று பவுல் கேட்கிற வசனம் அது. அவன் அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் பல் சந்து வழியாகக் காற்று போய் மேலங்கி விசிலடிக்கும். அது முடிந்ததும் நான். அலெக்சந்தர் என்ற கன்னான் எனக்கு நிறையத் தீங்கு செய்தான், அவன் செய்ததற்கு ஏற்றபடி கர்த்தர் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று அர்த்தம் வருகிற வசனம். வேதம் முழுக்க வாக்குத்தத்தமும் ஆறுதலுமாகக் கொட்டிக்கிடக்க, எனக்கு வந்து வாய்த்தது ஒரு புகார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். பாட்டி அடுப்படியில் கருப்பட்டிக் காப்பிக்குச் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“பாட்டி, கன்னான்னா யாரு?”

“ஈயம் பூச வருவாம்லா, அந்த ஆசாரிதாம்ட்டி. செம்பு, பித்தளை வேலை பாக்கவன்.”

அவ்வளவுதான். என் மீசைக்காரன் கிடைத்துவிட்டான். எங்கள் ஊருக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒன்று, சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முன்னால் ஒன்று என்று வந்துபோகிற ஆள். அவருக்கு மீசையும் இருந்தது.

பாட்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தாத்தா இறந்தபிறகு அவள் வேதாகம ஸ்திரீயாகப் போய்வந்தாள். ஊரில் பைபிள் அம்மா என்பார்கள். மத்தியானம் அடுப்பு வேலை ஒதுங்கி, பெண்கள் திண்ணையில் பனையோலை முடைய உட்காருகிற நேரம் பார்த்துக் கிளம்புவாள். கம்பி வளைந்த கறுப்புக் குடை, துணிப்பை, பைக்குள் வேதம், மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு துண்டுச் சுக்கு. வேதம் சொல்வது பாதி, எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பாதி. முற்றத்து மணலைக் கையால் நிரவி, அதில் பெண்டுகளின் விரலைப் பிடித்து அவரவர் பேரை எழுத வைப்பாள். பக்கத்து ஊரில் சாமி கும்பிடுகிற வீடுகளில்தான் அவளுக்கு மோரும் பதநீரும் கிடைக்கும். “வேதம் இருக்கட்டும், முதல்ல இதைக் குடிங்க” என்பார்களாம். அந்த வீடுகளில் ஒருத்தரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை.

சொன்னது எங்கள் சபைக்காரர்தான். ஓட்டுவீட்டுக்காரர். கமிட்டியில் இருந்தார், எங்களுக்கு ஒருவகையில் சொந்தமும்கூட. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கையென்று தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். வாரக் கடைசியில் பாட்டி அதை வாங்கிவந்து கோயிலில் சேர்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அது ஏலம் போகும். பாட்டி பையில் ஏறும் அரிசி வேறு, கோயிலில் இறங்கும் அரிசி வேறு என்று அவர் ஒரு சொல்லைக் கிளப்பிவிட்டார். ஒரே ஒரு சொல். அதற்குப்பிறகு அரிசி வாங்குகிற வேலை வேறொருவருக்குப் போயிற்று. பாட்டி குடையை எடுத்துக்கொண்டு எப்போதும்போல மத்தியானம் கிளம்பிப் போனாள், வந்தாள். ராத்திரி ஜெபத்தில் மட்டும், அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கிவிட்டு முழங்கால் போட்டதும், கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. “அவனை நீரே பாத்துக்கிடும் ஆண்டவரே.” பேர் சொல்லமாட்டாள். ஆண்டவருக்கு விலாசம் தெரியும் என்று விட்டுவிடுவாள் போல.

கன்னான் விஷயத்துக்கு வருகிறேன். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் வந்தார். தோளில் துருத்தி, தலையில் கரிச்சாக்கு, பின்னால் மிதிப்பதற்கு ஒரு பையன். எங்கள் வேப்பமரத்தடியில்தான் எப்போதும் கடை. குழி தோண்டி, துருத்தியின் குழலை மண்ணுக்குள் பதித்து, கரியைக் கொட்டி மூட்டினார். தெருப் பெண்கள் அண்டாவும் தவலையும் குத்துப்போணியுமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பித்தளையில் புளிக்குழம்பு நின்றால் களிம்பேறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஈயம் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே தவிர உள்ளே பூசுவது வெள்ளீயம், கறுப்பீயமானால் அதுவே விஷம். அந்தப் பையன் பெரிய பாத்திரத்துக்குள் மணலும் புளிச்சக்கையும் போட்டு, உள்ளே ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகித் திருகிக் காலாலேயே துலக்குவான். அந்த ஆட்டத்தைப் பார்க்கவே சிறுசுகள் கூடிவிடும்.

பிறகு அவர் முறை. தவலையைக் குறட்டால் கவ்வி நெருப்பின்மேல் காட்டிச் சுற்றுவார். பித்தளை நிறம் மாறி லேசாகக் கன்றினதும் நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவித் துணியால் ஒரு தேய் தேய்ப்பார். புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழும்பும். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் குச்சியை உள்வயிற்றில் ஒரு கோடு இழுப்பார். கோடு அப்படியே உருகித் தண்ணீராகும். மறுபடி துணி ஒரு சுற்றுச் சுற்றினால், அழுக்குக் கறுப்பாய் இருந்த உள்பக்கம் முழுக்க நிலா வெளிச்சம். உடனே தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவார், சொய்ங்ங் என்று ஒரு சத்தம் கேட்கும். இத்தனையும் எங்கள் எருமை ஒரு வாய் வைக்கோலை மென்று முடிப்பதற்குள் நடந்துவிடும்.

நான் அன்றைக்குப் புகையை ரசிக்கவில்லை. திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று, பவுலுக்கு வெகு தீமை செய்தவனை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்ததும், “ஆசாரி, கஞ்சி குடிச்சிட்டு வேலையப் பாரும்” என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. பதினைந்தாம் வசனத்தில், இவனிடம் நீயும் எச்சரிக்கையாக இரு என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் சொல்லியிருக்கிறார். எனக்கு அடுத்த ஆளின் வசனம் அது. பாட்டிக்கு அதிகாரம் முழுக்கத் தெரியும், தெரிந்தும் கஞ்சி ஊற்றுகிறாள்.

அவர் கஞ்சிக்கு உட்கார்ந்தார். குறடு குழியோரம் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் வைக்கோல் படப்புக்குள் செருகிவிட்டு வந்தேன். அப்போஸ்தலனுக்கு என்னாலான கைங்கரியம்.

அவர் திரும்பி வந்தபோது அடுப்பின்மேல் ஒரு சருவச்சட்டி ஏறியிருந்தது. துருத்திப் பையன் அவசரப்பட்டு மிதித்துவிட்டான், சட்டி கன்றிவிட்டது, இனியும் விட்டால் அடி ஓட்டையாகிவிடும். அவர் இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார். பிறகு இடுப்புத் துண்டை உருவித் தண்ணீரில் நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு சட்டியைத் தூக்கினார். துண்டிலிருந்து ஆவி கிளம்பியது. தூக்கிய சட்டியைக் கீழே போடவில்லை, யார் வீட்டுச் சட்டியோ, நசுங்கிவிடும். மெதுவாக மணலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கையை உதறினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த மெல்லிசுத் தோல் வெள்ளையாய் உப்பி நின்றது.

பாட்டி வேப்பெண்ணெய் எடுக்க உள்ளே ஓடினாள். அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. துருத்திப் பையனிடம் சொல்வதுபோலப் பொதுவாய்ச் சொன்னார்: “குறட்டுக்குக் கால் முளைச்சிருக்கும்லே. போன வழியே தானா வரும்.” சாயங்காலம் பார்க்கையில் குறடு குழியோரம் வந்து கிடந்தது, வைக்கோல் துரும்போடு. அவர் துரும்பை ஊதிவிட்டு வேலையைப் பார்த்தார். கிளம்புமுன், புதிதாய் வாங்கின எங்கள் செம்பு ஒன்றில் சின்ன உளியால் டொக் டொக்கென்று புள்ளிபுள்ளியாகப் பாட்டியின் பேரை வெட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. கஞ்சிக்கணக்கு என்று சொல்லிவிட்டார்.

அதற்குப்பிறகு என் பாடு சொல்லி மாளாது. வசனத்தைச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம், செய்கைக்கு ஏற்றபடி என்கிற இடம் வந்ததும் நாக்கு இடறும். செய்கை யாருடையது? அலெக்சந்தர் செய்ததை நான் பார்க்கவில்லை. நான் செய்ததை வேப்பமரமும் எருமையும் பார்த்திருக்கின்றன. போட்டியன்றைக்கு மேலங்கி விசிலடித்து முடிந்ததும் என் முறை. கன்னான் என்று உரக்கத் தொடங்கினவள், நடுவில் தொண்டை இறங்கி, கடைசிச் சொல்லைக் கிணற்றுக்குள்ளிருந்து சொன்னேன். பரிசுக்கு வைத்த எவர்சில்வர் தூக்குச்சட்டியெல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விட்டன. எங்களுக்கு ஆளுக்கொரு பென்சில்.

வசனம் விளங்கினது அதற்கும் சில மாதம் கழித்து, கோயிலில் அல்ல, ஓர் இன்லண்டு கடுதாசியில்.

மாமா பம்பாயில் இருந்தார். பாட்டிக்குப் படிக்க வரும், பிறத்தியாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் வரும், ஆனால் அப்போது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்ததால் கடுதாசி எழுதுவது என் வேலை. அவள் கால் நீட்டித் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் குப்புறப் படுத்து எழுதுவேன். அந்தத் தடவை இப்படிப் போயிற்று: சீக்கிரம் புறப்பட்டு வா. அவன் போய்விட்டான், இவனும் போய்விட்டான், என்னோடு இந்தச் சிறுக்கி ஒருத்திதான் இருக்கிறாள். வருகையில் அத்தை வீட்டில் என் கம்பளிச் சால்வையை வைத்துவிட்டு வந்தேன், அதை மறக்காமல் வாங்கிவா. கண்ணாடிக்காரனிடம் கொடுத்த கண்ணாடியையும், முக்கியமாய் அந்தக் கண்ணாடியை. ஓட்டுவீட்டுக்காரன் எனக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை, ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும், நீ வந்தால் அவனிடம் வாயைக் கொடுக்காதே. அன்றைக்குக் கமிட்டியில் எனக்காக ஒருத்தரும் எழுந்து பேசவில்லை, போகட்டும், அவர்கள் என்ன செய்வார்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஐப்பசி மழைக்கு முந்தி வந்துவிடு.

பேனா நின்றுவிட்டது. ஒன்பதாம் வசனம் தொடங்கி எங்கள் வகுப்பே வரிசையாக எழுந்து நின்று சொன்னது மாதிரி இருந்தது. தேமா விட்டுவிட்டுப் போனான், லூக்கா மாத்திரம் என்னோடிருக்கிறான், மேலங்கி, புஸ்தகம், விசேஷமாய் அந்தத் தோற்சுருள், கன்னான், ஜாக்கிரதை, ஒருவரும் கூட நிற்கவில்லை, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்கட்டும், மாரிகாலத்துக்கு முன்னே வா. பழைய மொழிபெயர்ப்பில் பனிக்காலம் என்று போடாமல் மாரிகாலம் என்றே போட்டிருக்கிறார்கள், அதனால் ரோமாபுரிச் சிறையில் பவுல் மேலங்கியில்லாமல் எங்கள் ஊர் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டிருப்பதாகத்தான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதுவரை எனக்குப் பவுல், கோயில் சுவரில் தொங்குகிற படம்; வாளும் தாடியுமாய் இருப்பார். அன்றைக்கு அவர் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். குளிருக்குப் போர்த்த ஒன்று வேண்டும், படிக்கக் கொஞ்சம் வேண்டும், இன்னாரால் மனம் நொந்திருக்கிறது, நீ வந்தால் தேவலை.

“ஏட்டி, என்ன வாயப் பொளந்துட்டு இருக்க? எழுது” என்றாள் பாட்டி.

வளர்ந்தபிறகு அந்த அலெக்சந்தரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மிச்சமிருந்த குற்றவுணர்ச்சி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எபேசு பட்டணத்தில் தியானாள் தேவிக்கு வெள்ளியால் சின்னக் கோயில்கள் செய்து விற்ற தெமேத்திரியு, பவுலின் பேச்சால் பிழைப்புப் போகிறதென்று தொழிலாளிகளைக் கூட்டிக் கலகம் பண்ணின கதை அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் போய்க் கூடின அரங்கம் இன்றைக்கும் துருக்கியில் மலைச்சரிவில் நிற்கிறது, ஏறத்தாழ 25,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். அங்கே ஒரே கூச்சல். நடுவே ஓர் அலெக்சந்தரை முன்னால் தள்ளிவிடுகிறார்கள், அவன் கையமர்த்திப் பேசப் பார்க்கிறான், யாரும் பேசவிடவில்லை, இரண்டு மணி நேரம் கத்தித் தீர்க்கிறார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் கடிதத்திலும் ஓர் அலெக்சந்தர், இமெனேயுவோடு சேர்த்து. அவன் சபைக்குள்ளேயே இருந்து கெட்டவன். மூன்று பேரும் ஒருவரா, வேறு வேறா என்பதில் படித்தவர்களுக்குள் ஒற்றுமையில்லை, அந்தக் காலத்தில் அது அவ்வளவு சாதாரணப் பேர். கிரேக்கத்தில் இருக்கிற சொல்லும் செம்புக்காரனுக்கு மட்டுமல்ல, உலோகத்தில் கைவைக்கிற எந்தக் கொல்லனுக்கும் பொருந்துமாம். தீமை செய்தான் என்ற இடத்து வினைக்குக் காட்டிக்கொடுத்தான், போய்ச் சொல்லிவைத்தான் என்கிற சாயலும் உண்டு என்கிறார்கள் சிலர். என் புத்தி அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. கல்லெறிந்தவர்களைப் பற்றிப் பவுல் இப்படி மனம் குமுறி எழுதவில்லை, ஆனால் ஓர் ஆளைப் பேர் சொல்லி, தொழில் சொல்லி எழுதுகிறார். உள்ளேயிருந்து கிளம்புகிற ஒரு சொல்லுக்குத்தான் அவ்வளவு எரிச்சல் வரும் என்று ஓட்டுவீட்டுக்காரரைத் தெரிந்த எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் படித்தேன். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் கர்த்தர் பதில் செய்வார் என்று இருக்கிறதாம், பிந்தின பல பிரதிகளில் பதில் செய்வாராக என்று இருக்கிறது. எங்கள் பழைய தமிழ் வேதம் பின்னதைப் பிடித்துக்கொண்டது. தமிழில் ஓர் ‘ஆக’தான் வித்தியாசம். ஒன்று தெரிந்த செய்தி, மற்றது சாபத்துக்குப் பக்கத்து வீடு. எது பவுல் எழுதினது என்று அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். பாட்டியோடு ராத்திரி ஜெபத்தில் முழங்காலிட்டிருந்த எனக்கு அதில் பெரிய சிக்கல் தெரியவில்லை. மூட்டுவலி இல்லாத நாளில் அவள் “பாத்துக்கிடுவாரு” என்பாள், வலி உள்ள நாளில் “பாத்துக்கிடட்டும்” என்பாள். இரண்டையும் சொல்லிவிட்டு ஒரே மாதிரிதான் தூங்கினாள்.

அந்தக் கடுதாசியை மடித்து, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டப்போனேன். பாட்டி கையைப் பிடித்தாள்.

“இருட்டி. ஒரு வரி விட்டுப்போச்சு.”

மடிப்பு ஓரத்தில் விரல் அகலம் இடம் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

“அந்தப் பம்பாய்த் தைலம், பச்சைப் புட்டி, அதை வாங்கிட்டு வரச் சொல்லு. ஓட்டுவீட்டுக்காரனுக்குக் கால் நீர்கொண்டு கெடக்காம். நடக்க முடியலையாம்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு புட்டின்னு எழுதவா பாட்டி?”

“ஒண்ணு போதும் அவனுக்கு.”